குடியிருக்கிறவர்களுக்கு மட்டும்

அந்தத் தெருவில் அவர்களை ஆந்தை, சேவல் என்றுதான் சொல்வார்கள். அவர் நகரத்து நீரேற்று நிலையத்தில் இரவு ஆபரேட்டர். ஊர் விளக்கணைக்கும் நேரத்தில் சைக்கிளில் ஏறிப் போவார். அவள் ரொட்டித் தொழிற்சாலையில் பேக்கிங் பகுதிக்கு மேற்பார்வை. இருட்டு கலைவதற்குள் கம்பெனி வேன் தெருமுனைக்கு வந்துவிடும். அவர் திரும்பி வரும்போது வீடு பூட்டியிருக்கும். என்றைக்காவது வேன் தாமதமானால் முனையில் இருவரும் எதிரெதிரே பார்த்துக்கொள்வார்கள். பால் அடுப்பில் இருக்கிறது என்பாள் அவள். சரி என்பார் அவர். பல நாட்களுக்கு அதுவே தாம்பத்தியம்.

சாயங்காலத்தில் கொஞ்ச நேரம் இருவரும் விழித்திருப்பார்கள். அதையும் மகளின் வீட்டுப்பாடமும் கடைகண்ணியும் தின்றுவிடும். இவருக்குத் தூக்கம் தெளியும்போது அவளுக்குக் கண் சொக்கும். எதிர்வீட்டுத் தையல்காரருக்கு இதில் தீராத சந்தேகம் ஒன்று இருந்தது. "உங்க ரெண்டு பேருக்கும் எப்படிய்யா பிள்ளை பொறந்துச்சு? தபால்ல வந்துச்சா?" என்று கேட்பார். ஆபரேட்டர் யோசிப்பதுபோல் நிற்பார். பிறகு, "பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கினேன்" என்பார்.

வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. யாரும் எழுதிவைத்ததல்ல. தூங்குகிறவரை எழுப்பக் கூடாது. காய்ச்சலாக இருந்தாலும், விருந்தாளி வந்தாலும், மகள் வகுப்பில் முதலாவதாக வந்திருந்தாலும் எழுப்பக் கூடாது. பாத்திரங்களை மடித்த துணிமேல் வைக்கப் பழகியிருந்தார்கள். கதவின் கீலுக்கு மாதம் தவறாமல் எண்ணெய் விழும். மகள் பேசக் கற்றதே ரகசியக் குரலில்தான். பள்ளியில் ஆசிரியை இவளுக்குத் தொண்டையில் ஏதாவது கோளாறா என்று கேட்டனுப்பினாள். கோபம் வந்தால்கூட அவர்கள் ஒருவர் விழிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் அதற்குள் கோபம் ஆறிப்போயிருக்கும்.

அதனால் அவர்களுடைய ஆசையும் சிறியதாகவே இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு ஒரே நேரத்தில் படுக்க வேண்டும். ஒரே நேரத்தில் எழ வேண்டும். வேறொன்றும் இல்லை.

வீடு அதற்குப் பிறகு வந்தது. அவளுடைய கம்பெனி வேன் டிரைவர் சொல்லித்தான் தெரியும். பஸ்ஸில் அரைப் பகல் தூரத்தில் ஓர் ஏரி. கரையிலிருந்து சற்று மேடேறினால் இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, முன்னால் ஏரியைப் பார்த்த தாழ்வாரம். கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கட்டி வாங்கினார்கள். பத்திரம் பதிவான வாரம் இருவரும் விடுப்பெடுத்துக்கொண்டு அங்கே போய் இரண்டு நாள் தங்கினார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் போன ஒரே பயணம் அது. முதல் நாள் இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. தாழ்வாரத்தில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடியும்போது அவள் எழுந்து வந்தாள். அப்போது அவருடைய தலை தொங்கிவிட்டது. அவள் எழுப்பவில்லை. தெருவுக்கு வந்து இந்தக் கதையைச் சொன்னபோது தையல்காரர் வயிறு வலிக்கச் சிரித்தார்.

பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள். அதற்கு ஆயுசு கிடக்கிறது என்றும் நினைத்தார்கள்.

அவர் முதலில் ஓய்வு பெற்றார். அடுத்த சில மாதங்களில் அவளும். மழைக்காலம் முடியட்டும், கூரையைச் சரிசெய்துகொண்டு குடிபோகலாம் என்று முடிவாயிற்று. அவர் பகலில் விழித்திருக்கப் பழகினார். முதலில் சிரமமாக இருந்தது. வெயில் இவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதையே அவர் மறந்துபோயிருந்தார். அவள்தான் தூங்க ஆரம்பித்தாள்.

முதலில் மதியத்தில் கொஞ்சம். பிறகு காலைத் தேநீர் குடித்ததும். பிறகு பேசிக்கொண்டிருக்கும்போதே. கம்பெனியில் நின்றே கழித்த காலுக்கெல்லாம் இப்போதுதான் ஓய்வு கிடைக்கிறது என்று அவர் நினைத்தார். கணுக்கால் வீங்கியிருந்ததையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்தார். சாப்பாடு இறங்கவில்லை, வாயெல்லாம் இரும்பு நக்கினாற்போல் இருக்கிறது என்று அவள் சொன்னபோது, தூங்கி எழுந்தால் சரியாகும் என்றார். அவள் தூங்கினாள். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காத்தார். மகள் தொலைபேசியில் கூப்பிட்டால் அம்மா தூங்குகிறாள், அப்புறம் பேசு என்று வைத்துவிடுவார். ஒரு நாள் எதிர்வீட்டுக்குப் போய், மதியத்தில் மட்டும் தையல் மெஷினைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டார். தையல்காரர் நிறுத்தினார். அவ்வளவு அமைதி அந்தத் தெருவில் அதற்கு முன் இருந்ததில்லை.

ஒரு மத்தியானம் அவள் எழுந்து நிற்க முயன்று, மூச்சு வாங்கி, அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இளம்வயது டாக்டரம்மா இமையை விலக்கிப் பார்த்தாள். காலை அழுத்திப் பார்த்தாள். விரல் பதிந்த குழி மேலே வரவே இல்லை.

"எத்தனை நாளா இப்படித் தூங்குறாங்க?"

"ரெண்டு மாசமா நல்லாத் தூங்குறா டாக்டர்" என்றார் ஆபரேட்டர். குரலில் லேசான பெருமைகூட இருந்தது. "முப்பது வருஷத்துத் தூக்கம். நான் ஒரு சத்தம் வர விடல."

டாக்டரம்மா அவரைப் பார்த்தாள். எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. பிறகு, அது தூக்கம் இல்லை என்று மெதுவாகச் சொன்னாள். சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திக்கொண்டிருக்கின்றன, வெளியே போக வேண்டிய கழிவு ரத்தத்திலேயே தங்கி மயக்கமாக இறங்கியிருக்கிறது, முன்னாலேயே வந்திருந்தால் கொஞ்சம் தள்ளிப்போட்டிருக்கலாம். குற்றம் சாட்டும் குரல் அல்ல. அதுதான் அவரை அதிகமாக உலுக்கியது.

பம்ப் ஹவுஸில் வேலை பார்த்த காலத்தில், நான்காம் மோட்டாரின் பேரிங் தேயத் தொடங்கினால் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே சொல்லிவிடுவார். மற்றவர்களுக்கு ஒன்றும் கேட்காது. அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் அவர் அதை நினைக்கவில்லை. எதையுமே நினைக்கவில்லை. கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு எதிரே இருந்த குப்பைக்கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் வந்து தோளைத் தொட்டபோது, "எழுப்பியிருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் என்று ஏற்பாடாயிற்று. ஒவ்வொரு முறையும் அரைநாள். வேலையில் இருந்தவரை கம்பெனியின் மருத்துவத் திட்டம் அவளுக்கு இருந்தது. ஓய்வோடு அதுவும் ஓய்வு பெற்றுவிட்டது. அரசு ஆஸ்பத்திரியின் இலவசப் பிரிவில் பெயர் கொடுத்திருந்தார்கள். அந்த வரிசை நகர வேண்டுமானால் முன்னால் இருப்பவர் யாராவது விலக வேண்டும். விலகுவது என்றால் என்ன என்று புரிந்த நாளிலிருந்து ஆபரேட்டர் அங்கே போய் விசாரிப்பதை நிறுத்திவிட்டார்.

வீட்டில் சட்டம் தலைகீழானது. அவள் கண்ணயர்ந்தால் போதும், அவர் தட்டி எழுப்பினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தோளை அசைத்தார். சில சமயம் வேண்டுமென்றே பாத்திரத்தைக் கீழே போட்டார்.

"மனுஷியைத் தூங்க விடுங்களேன்" என்றாள் அவள் ஒரு நாள். "மூச்சு இருக்கான்னு பாக்கறீங்க, அதானே? கவலைப்படாதீங்க. போனா சொல்லிட்டுத்தான் போவேன்."

அவர் அதற்குப் பிறகு எழுப்பாமல், மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டார். அவளுக்கு அதுவும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டே, "இருக்கேன்" என்பாள்.

சேமிப்பு மெலிந்துகொண்டே வந்தது. மகள் நர்சரிப் பள்ளி ஆசிரியை. தன் வளையல்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். அம்மா அவற்றை எடுத்து மகளின் கையிலேயே போட்டுவிட்டாள். அப்படியானால் ஏரி வீட்டை விற்றுவிடுங்கள் என்று மகள் அழுதுகொண்டே சொன்னாள். அந்தப் பேச்சு அன்றைக்கு அங்கேயே நின்றது. யாரும் அதை எடுக்கவில்லை, யாரும் அதைத் தள்ளவும் இல்லை.

டயாலிசிஸ் கூடம் நீளமானது. இருபக்கமும் சாய்வு நாற்காலிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆள் உயரத்துக்கு ஓர் இயந்திரம், அதில் மெல்லச் சுழலும் ஒரு சக்கரம், குழாயில் ரத்தம். ஆபரேட்டருக்கு அந்தச் சக்கரத்தைப் பார்க்கப் பிடிக்கும். பம்ப் என்றால் எங்கே இருந்தாலும் பம்ப்தான். வாசலில் இருந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பல சமயம் ஒரு வார்த்தைகூடப் பேசாமலேயே அரைநாள் போய்விடும். ஒரு நாள் அங்கே வைத்துத்தான் அதைச் சொன்னார். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் தண்ணீர் மோட்டாரும் ஜெனரேட்டரும் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள். இரவு வேலை. அந்தச் சம்பளமும் ஓய்வூதியமும் சேர்ந்தால் சமாளித்துவிடலாம். ஏரி வீட்டைத் தொட வேண்டாம்.

அவள் கூரையைப் பார்த்தாள்.

"மறுபடியும் ராத்திரி வேலையா?"

"கொஞ்ச நாளைக்கு."

"எனக்கே கொஞ்ச நாள்தாங்க."

அவர் தலை குனிந்தார்.

"நான் முழிச்சிருக்கும்போது நீங்க தூங்குவீங்க, நீங்க முழிச்சிருக்கும்போது நான் தூங்குவேன். திரும்ப அதேதான். அப்ப அந்த வீடு எதுக்கு? பூட்டி வெச்சுக் கும்பிடவா?" என்றாள். "வித்துடுங்க. ராத்திரி நீங்க வீட்ல இருங்க."

அவர் குழாயில் ஓடிய சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா ஒண்ணு" என்றாள். "ரெண்டு பேரா வந்து குடியிருக்கறவங்களுக்குத்தான் குடுக்கணும். வேற யாருக்கும் கிடையாது."

பொண்ணைக் கட்டிக்கொடுப்பதுபோல் மாப்பிள்ளை பார்க்கச் சொல்கிறாள் என்று தையல்காரர் கேலி செய்தார். ஆனால் அவர்தான் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தார். முதலில் ஒரு காண்டிராக்டர் வந்தார். வீட்டை இடித்துவிட்டு, ஏரியைப் பார்க்க வருகிறவர்களுக்கு வரிசையாக அறைகள் கட்டப்போவதாகச் சொன்னார். இவர்கள் நினைத்ததைவிட அதிக விலையும் சொன்னார். ஆபரேட்டர் அதை அவளிடம் ஒப்பித்தபோது அவள் தலையை மட்டும் அசைத்தாள். மகளுக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான். அந்த வித்தியாசத்தில் எத்தனை மாத மருந்து வரும் என்பது மூவருக்கும் தெரியும். அடுத்தவர் வெளியூரில் பெரிய வேலையில் இருப்பவர். வருஷத்துக்கு ஒரு முறை வந்து தங்குவதற்காகக் கேட்டார். அதற்கும் அதே தலையசைப்பு.

மூன்றாவதாக வந்தவர் ஓய்வு பெறப்போகும் ஒரு பஸ் டிரைவர். அவரும் மனைவியும் ஏரி வீட்டைப் பார்க்க ஒரு நாள் காலையில் வருவதாகச் சொன்னார்கள். சாவி பக்கத்துத் தோப்புக் காவல்காரரிடம் இருந்தது. ஆபரேட்டர் முந்தின இரவு பஸ்ஸிலேயே போய் ஜன்னல்களைத் திறந்துவைத்தார். ஒட்டடை அடித்தார். தரையைப் பெருக்கினார். அன்று தண்ணீர் மிக அமைதியாக இருந்தது. தாழ்வாரத்தில் நின்று பார்த்தபோது, இங்கே ஒரே ஒரு வருஷம் கிடைத்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. யாரைக் கேட்பது என்று தெரியாததால் அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டு, வாளியை எடுத்துக் கவிழ்த்தார்.

பஸ் டிரைவர் கனத்த மனிதர். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். கதவு, ஜன்னல், உத்தரம். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார். வெயில் எந்தப் பக்கம் விழும்?

"காலையில தாழ்வாரத்துல விழும்" என்றார் ஆபரேட்டர். "நாங்க ரெண்டு பேரும் இங்கதான் தேநீர் குடிப்போம்."

அவர் யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. துணி காயப்போட வேப்பமரத்துக்கும் தூணுக்கும் இடையே கொடி கட்டுவோம், காற்று அந்தப் பக்கம் நன்றாக வரும் என்றார். என் சம்சாரம் ஏரியில் கால் வைக்கப் பயப்படுவாள், படியில் உட்கார்ந்து வாளியில் மொண்டு காலைக் கழுவுவாள் என்றார். மத்தியானம் சாப்பிட்டதும் உள்ளறையில் பாய் விரித்துப் படுப்போம், இருவருக்கும் ஒரே நேரத்தில் தூக்கம் வந்துவிடும், அந்த அறையின் ராசி அது என்றார். டிரைவர் சிரித்தார். எத்தனை வருஷமாகக் குடியிருக்கிறீர்கள் என்று கேட்டார். "கல்யாணமான நாளா அப்படித்தான்" என்றார் ஆபரேட்டர். கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமில்லை என்பதை டிரைவர் கவனிக்கவில்லை. கிணற்றைப் பார்க்கப் பின்பக்கம் போய்விட்டார்.

டிரைவரின் மனைவி சமையல்கட்டில் நின்றிருந்தாள். ஒல்லியான பெண்மணி. அடுப்பு மேடைக்கு மேலே இருந்த சுவரை விரலால் தேய்த்து, விரலைத் திருப்பிப் பார்த்தாள். வெறும் சுண்ணாம்புத் தூள். புகை இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, தாளிப்புத் தெறித்த ஒரு புள்ளிகூட இல்லை.

"இது அடுப்பு மூட்டின வீடு மாதிரித் தெரியலையேண்ணா" என்றாள் தணிந்த குரலில்.

ஆபரேட்டர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பின்பக்கம் டிரைவர் கிணற்றுக்குள் கல் போட்டு ஆழம் பார்க்கும் சத்தம் கேட்டது. ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். புதிதாகச் சுண்ணாம்பு அடித்தோம் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்மணி அவசரப்படுத்தவில்லை. விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா வரலையே, உடம்புக்கு என்ன?" என்று கேட்டாள்.

அவர் சொன்னார். மூன்று நான்கு வாக்கியங்கள்தான். அவள் கேட்டுக்கொண்டாள். ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. கணவர் உள்ளே வந்து, தண்ணீர் மேலேயே கிடக்கிறது, நல்ல வீடு, நன்றாக வாழ்ந்த வீடு என்று சொன்னபோது, "ஆமா, பார்த்தாலே தெரியுது" என்றாள்.

மறுநாள் டயாலிசிஸ் கூடத்தில் அவர் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். டிரைவரின் தொப்பை, உத்தரத்தைத் தட்டியது, கிணற்றில் கல் போட்டது. தான் அளந்த கதையையும் வெட்கத்தோடு சொன்னார். சமையல்கட்டில் நடந்ததை மட்டும் சொல்லவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நர்ஸ் வந்து கையை ஆட்டாதீர்கள் என்று கண்டிக்கும்படி சிரித்தாள்.

"ஏரியில கால் வைக்க நானா பயப்படுவேன்? நீங்கதான் பயந்தாங்கொள்ளி" என்றாள். பிறகு சிரிப்பு அடங்கியது. "அவங்களுக்கே குடுத்துடுங்க."

கையெழுத்துப் போடப் போன நாளில் அவளும் வந்தாள். பதிவு அலுவலக வாசலில் காருக்குள்ளேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாள். டிரைவரின் மனைவி காரின் ஜன்னலருகே வந்து நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று ஆபரேட்டருக்குத் தெரியாது. அவர் எட்ட நின்றிருந்தார்.

அந்தப் பணம் இயந்திரத்துக்குப் போகத் தொடங்கியது. இரவுகளில் அவர் வீட்டில் இருந்தார். ஒரே நேரத்தில் படுத்தார்கள். அவளுக்குக் கால் இழுக்கும், உடம்பு அரிக்கும், புரண்டுகொண்டே இருப்பாள். அவருக்குப் பழைய வழக்கத்தில் தூக்கம் வராது. இருவரும் இருட்டில் கண்ணைத் திறந்தபடி கிடப்பார்கள். சில சமயம் அவள், "அங்க இப்ப நல்லாக் காத்து அடிக்கும்" என்பாள். அவர் உம் கொட்டுவார். அதற்குமேல் அந்தப் பேச்சை நீட்ட இருவராலும் முடிந்ததில்லை.

மழை தொடங்கிய சமயத்தில் ஒரு நாள், அவள் நாற்காலியில் சாய்ந்திருந்தபோது அவருடைய தொலைபேசி அடித்தது. டிரைவரின் மனைவி. குடிவந்து பத்து நாளாகிறது என்றாள். பால் காய்ச்சிய அன்றே சொல்ல நினைத்தாளாம். வசதிப்பட்டபோது அக்காவை அழைத்துக்கொண்டு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போங்கள் என்றாள். ஆபரேட்டருக்கு உள்ளுக்குள் ஏதோ துள்ளியது. தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு அவளிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை போனால் மறுநாள் திரும்பிவிடலாம், டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றார்.

அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"அங்க போய் விருந்தாளியா உட்கார என்னால ஆகாதுங்க."

அவர் வற்புறுத்தவில்லை. ஆனால் அவருடைய முகத்தில் எதையோ பார்த்திருப்பாள் போலிருக்கிறது. ஊசி குத்தாத கையை நீட்டித் தொலைபேசியை வாங்கிக்கொண்டாள்.

முதலில் உடம்பைப் பற்றிப் பேசினார்கள். பிறகு பேச்சு வீட்டுக்குப் போனது. பின்கதவு ஊதிக்கொண்டு சாத்த வரவில்லையாம். "மழைக்கு அது அப்படித்தான் பண்ணும்" என்றாள் அவள். "நாங்க இருந்தப்போ அடியில ஒரு கல்லை முட்டுக் குடுப்போம். வெயில் வந்தா தானா சரியாயிடும்."

ஆபரேட்டர் நிமிர்ந்து பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கூரையில் எங்கோ பார்த்தபடி, முகத்தில் ஒரு வீட்டுக்காரியின் சலிப்போடு பேசிக்கொண்டிருந்தாள். உள்ளறையில் கோடையில் எறும்பு வரும், மஞ்சள்தூள் போடு என்றாள். இவர் இருக்கிறாரே, தாழ்வாரத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டார், தேநீரை மூன்று முறை சுடவைக்க வேண்டும் என்றாள். அந்த முனையில் இருக்கிறவளுக்கு எல்லாம் தெரியும் என்பது இவளுக்குத் தெரியாது. ஆனாலும் அங்கிருந்து, ஆமாக்கா, எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் என்று குரல் வந்துகொண்டிருந்தது. கேள்விக்குமேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் அந்தப் பெண்மணி. அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாக, இவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது. ஆபரேட்டர் ஸ்டூலைச் சத்தமில்லாமல் இன்னும் நெருக்கமாக நகர்த்திக்கொண்டார்.

சாரல் உள்ளே அடிக்கிறது, எந்த ஜன்னலைச் சாத்த வேண்டும் என்று அங்கிருந்து கேட்டது அவர் காதிலும் விழுந்தது. மழைக்காலத்தில் அவர்கள் அந்த வீட்டில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. முதன்முறையாக அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவருக்கும் தெரியவில்லை. உதட்டைப் பிதுக்கினார்.

அவள் ஒரு கணம் கண்ணை மூடினாள். அவர் அப்போது பயப்படவில்லை.

"மேற்கு ஜன்னல்மா" என்றாள். "அதை மட்டும் சாத்தினாப் போதும். மத்ததெல்லாம் திறந்தே இருக்கட்டும்."